அத்தானுக்கு ஒரு ஜன்னல் சீட்டு

என் அத்தான் கால் வைக்காத விமானம் இல்லை. ஒன்றில்கூட அவர் பறந்ததும் இல்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். விமான நிலையத்தில் துப்புரவு வேலை. ஒரு விமானம் வந்து நின்று, இருப்பவர்கள் இறங்கி, அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் வாளியும் துணியுமாக உள்ளே ஓடுகிறவர்களில் ஒருவர். சீட்டுப் பைகளில் திணித்த குப்பை, கொட்டிய பழச்சாறு, பிள்ளைகள் கண்ணாடியில் அப்பிய கைத்தடம் எல்லாம் அதற்குள் மாயமாகிவிட வேண்டும். மற்றவர்கள் ஜன்னலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நகர்வார்கள். இவர் மூச்சை ஊதி, ஆவி படிய வைத்து, மூலை மூலையாகத் துடைப்பார். "யாரோ ஒருத்தர் இது வழியாத்தான் முதல் தடவையா மேகத்தைப் பாக்கப் போறாங்க. அதுல இன்னொருத்தர் எண்ணெய்த் தலைய சாய்ச்ச கறை இருந்தா நல்லாவா இருக்கும்?" என்பார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு 'ஜன்னல்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போன் செய்தால்கூட "ஜன்னல் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

எனக்குக் கம்ப்யூட்டர் கடை. மாடிப்படிக்கு அடியில், ஜெராக்ஸ் கடைக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. கேட்கிற மாதிரி கம்ப்யூட்டர் கட்டிக்கொடுப்பேன். 'அந்தம்மா வேலை சுத்தம், வாய்தான் கத்தி' என்று வாடிக்கைக்காரர்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. வரட்டும்.

அத்தான் ஓய்வு பெற்றபோது, கடலுக்கு அந்தப் பக்கம் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் அவர்களுடைய ஒரே மகள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டு அனுப்பினாள். அத்தான் தேதியைப் பார்க்கவில்லை, எந்த விமானம் என்றுதான் பார்த்தார். "அட, இந்த வண்டியா! இதை எனக்கு நல்லாத் தெரியுமே. சிறகைத் தாண்டி இடது பக்கம் ஒரு சீட்டு இருக்கு. அங்க உக்காந்தா சிறகும் தெரியும், கீழயும் தெரியும்" என்று குதித்தார். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரத்தை அக்காவுக்கு விட்டுக்கொடுப்பதுதான் அவர் வழக்கம். "இந்த ஒரு தடவை மட்டும் ஜன்னல் எனக்கு, சரியா?" என்று அக்காவிடம் கெஞ்சினார். "எடுத்துக்கோங்க, யாரு வேணாம்னா? எனக்குக் கீழ பாத்தாலே தலை சுத்தும்" என்றாள் அக்கா.

கொஞ்ச நாளாகவே அவருக்கு மூச்சு இரைத்தது. கிளம்பும் முன் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று டாக்டரிடம் போனார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். நுரையீரல் இரண்டும் கெட்டிருந்தன. "கீழ இருக்கிற காத்தே உங்களுக்குப் பத்தலை. மேல போற பேச்சே எடுக்கக்கூடாது" என்றார். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. அத்தான் மூக்கில் குழாய் ஏறியது. நான் வருகிறேன் என்றாள் மகள். ஆனால் அவளுக்கு லீவு கிடைக்க ஆண்டுக் கடைசி ஆகும். அத்தான் அந்தப் பயணத்தைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை. அக்காதான் என் கடைக்கு வந்து, வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே அழுதாள். "ஒரு வார்த்தை திட்டினாக்கூடத் தேவலைடி. பேசாம உக்காந்து வீட்டு ஜன்னலைத் துடைச்சிட்டே இருக்காரு."

அப்போதுதான் எனக்கு ஃப்ளைட் சிமுலேட்டர் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரிலேயே விமானம் விடுகிற விளையாட்டு. விளையாட்டு என்றுதான் பெயர். ஆனால் உலகம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. நம் விமான நிலையத்தில் ஏறினால் நிஜத்தில் எத்தனை மணி நேரம் ஆகுமோ அத்தனை மணி நேரம் பறந்து, மகள் இருக்கிற ஊரில் போய் இறங்கலாம். கடல், மேகம், சூரியன் சாய்வது எல்லாம் வரும். சொன்னதும் அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாளே சின்ன சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றார்.

நான் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். விமானம் ஓட்டுகிற கைப்பிடி, காலால் மிதிக்கிற பெடல், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்புகோல்.

"இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார்.

"ஓட்டறதுக்கு, அத்தான்."

"நான் எதுக்கு ஓட்டணும்? அதுக்குத்தான் பைலட் இருப்பாரே. நான் உக்காந்து வரேன்."

இதுவரை எத்தனையோ பேருக்கு அந்த விளையாட்டுக்காக மெஷின் கட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் பைலட் ஆக வேண்டும். பயணியாக உட்கார வேண்டும் என்று கேட்டு வந்தவர் அத்தான் ஒருவர்தான். நல்லவேளையாக அதில் விமானம் தானாகவே போகிற வசதியும் உண்டு, ஜன்னல் சீட்டிலிருந்து பார்க்கிற வசதியும் உண்டு. கைப்பிடியையும் பெடலையும் திரும்ப டப்பாவில் போட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. கண்ணாடிப் பக்கமும் கலர் கலராக எரிகிற ஃபேனும் வைத்த ஒரு கேபினட்டை, அதாவது பாகங்களை எல்லாம் அடைக்கிற பெட்டியை, பெருமையாகக் காட்டினேன். "இது என்ன, கல்யாண மண்டபமா?" என்றார். இன்னொன்றைக் காட்டினேன். உள்ளே விரல் விட்டு மூலையைத் தடவி, விரலை வெளிச்சத்தில் பார்த்து, "தூசி எங்க வழியா உள்ள வரும்? எங்க வழியா வெளிய போகும்?" என்றார். நான் கேபினட்டைத் தேர்ந்தெடுக்கிறேனா, வீடு பார்க்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் ஒரு சாதாரணக் கறுப்புக் கேபினட்டில் அவர் கண் நின்றது. முன்பக்கத்து வலையை ஒரே இழுப்பில் கழற்றிக் கழுவலாம். "இதுதான். இதைக் கட்டினவனுக்குத் துடைக்கிறவன் கஷ்டம் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"பிராசசர்தான் அத்தான் விமானத்தை நடத்தும். கிராபிக்ஸ் கார்டு ஜன்னலுக்கு வெளிய தெரியறதை எல்லாம் வரையும்" என்று விளக்கினேன்.

"அப்ப எனக்கு அந்தக் கார்டுதான் பெருசா வேணும்."

"ரெண்டும் வேணும். பைலட் தூங்கி வழிஞ்சா ஜன்னல்ல என்ன தெரியும்?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க அக்கா முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அன்றைக்கு மேற்கொண்டு எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

அவர் கேட்ட அளவுக்குக் கார்டு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. நான் விடுவேனா? தெரிந்த மொத்த வியாபாரிகள் எல்லோர் உயிரையும் எடுத்தேன். ஒருவன் பழையதைத் துடைத்துப் புதிது என்று நீட்டினான், அவனை அவன் கடை வாசலிலேயே நாலு கேள்வி கேட்டேன். கடைசியில் ஊரின் அந்தக் கோடியில் ஒருவரிடம் இருப்பது தெரிந்து, கொட்டுகிற மழையில் போய், கார்டை என் மழைக்கோட்டுக்குள் வைத்து நான் நனைந்துகொண்டு வந்தேன். இதை அக்கா அத்தானிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

மானிட்டரை நான் படுக்கைவாட்டில் வைத்தேன். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். "நெட்டுக்கு நிறுத்தும்மா. நான் என்ன சினிமாவா பாக்கப் போறேன்? விமான ஜன்னல் நெட்டுக்குத்தான் இருக்கும்" என்றார். நிறுத்தினேன். அதற்கு முன்னால் இரண்டு நாற்காலிகளை ஒட்டிப் போட்டார். மானிட்டருக்குப் பக்கத்தில் இருப்பது அவருக்கு, அடுத்தது அக்காவுக்கு.

எல்லாவற்றையும் அவர்கள் வீட்டிலேயே வைத்து மாட்டினேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகையும் பார்த்துக்கொண்டிருந்தார். கார்டின் பின்பக்கத்துத் துளைகளில் சின்னச் சின்ன ரப்பர் மூடிகள் செருகியிருக்கும். அவற்றைப் பிடுங்கிக் கீழே போட்டேன். "ஐயோ, போடாதே, போடாதே! தூசி போகாம இருக்கறதுக்குத்தானே குடுத்திருக்கான்" என்று பொறுக்கி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார்.

மெஷினைப் போட்டேன். அவர் வேலை பார்த்த அதே விமான நிலையத்திலிருந்து ஏறி, ஊரை ஒரு வட்டம் அடித்து இறங்கினோம். படம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. "அதோ, அந்தக் கொட்டாய்க்குப் பின்னாடிதான் எங்க வாளி எல்லாம் வெப்போம்!" என்று திரையைத் தொட்டார், உடனே தொட்ட இடத்தைத் துடைத்தார். திரும்பிப் பார்த்தால் கண் நிறைந்திருந்தது. "சிறகு ஆடுது பாரும்மா. நான் துடைக்கறப்ப எல்லாம் அது விறைப்பா நிக்கும். மேல வந்தா ஆடும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

பெரிய பயணத்தை அன்றைக்கே போகவில்லை. மகள் அனுப்பிய டிக்கெட்டில் இருந்த தேதியில்தான் கிளம்புவேன் என்று ஒரே பிடிவாதம். அதற்கு முந்தின நாள் போன் செய்தார்.

"நாளைக்குக் கிளம்பறோம்மா. இன்னைக்கு மெஷினை நல்லா சுத்தம் பண்ணிடறேன்."

"நேத்துதானே புதுசாப் போட்டேன்? அதுக்குள்ள என்ன சுத்தம்?"

"சுத்தம் பண்ணாம எந்த வண்டியும் கிளம்பாதும்மா. எங்க ஆளுங்க கையெழுத்துப் போட்டாத்தான் கதவையே சாத்துவாங்க."

"எதையும் கழட்டாதீங்க, அத்தான்."

"சரி சரி" என்றார். கழற்றத்தான் போகிறார் என்பது அந்த 'சரி சரி'யிலேயே தெரிந்தது. ஆனாலும் அவருக்குத் துடைக்கத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "பிரமாதம்மா! நீ கட்டினது சோடை போகுமா?" என்றார். அதற்கப்புறம் நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மெஷின் அணைந்தே இருக்கும். "இப்பத்தான் இறங்கினோம். சூடா இருக்கு, ஆறட்டும்" என்பார். நானும் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் அத்தான் தினமும் கடல் தாண்டிப் போய் வருகிறார் என்று பீற்றிக்கொண்டேன். அவர் குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. போனில் பேசும்போது அவரைவிட ஆக்சிஜன் மெஷின்தான் சத்தமாகக் கேட்டது.

மகளுக்கு லீவு கிடைப்பதற்குள் அவர் போய்விட்டார். மத்தியானம், அந்த நாற்காலியில்தான். அக்கா தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள். நான் போய்ச் சேரும்போது ஆக்சிஜன் மெஷின் யாருக்கோ ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க அக்காவுக்குக் கை வரவில்லை. நான்தான் அணைத்தேன்.

மகள் பறந்து வந்தாள், அப்பா பறக்க நினைத்த அதே வழியில். முதல் நாட்களின் கூட்டமும் அழுகையும் ஓய்ந்து, வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்த ஒரு காலையில், அந்த நெட்டு மானிட்டரைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அப்பா போன்ல சொல்லிட்டே இருப்பாரு சித்தி. 'உன் ஊருக்கு மேல வந்துட்டேன், உன் ஆஸ்பத்திரி தெரியுது, நீ எந்த ஜன்னல்ல இருக்கே, கைய ஆட்டு'ன்னு. நானும் அங்க நின்னு லூசு மாதிரி கைய ஆட்டுவேன்."

அக்கா நிமிர்ந்தாள். "என்னடி சொல்றே? உன் ஊருக்கா? நாங்க கடலையே தாண்டினதில்லையே!"

"என்னக்கா?" என்றேன் நான்.

"அது எங்கடி தாண்டுச்சு? விட்டு விட்டு, குலுங்கிக் குலுங்கித்தான் போகும். கேட்டா 'காத்துல குழி இருக்கும், விமானம்னா அப்படித்தான்'னு சொல்வாரு. நடுக்கடல்ல போய் அப்படியே நின்னுடும். எத்தனை தடவை திரும்பப் போட்டாலும் அதே இடம்தான். 'சரி, நாளைக்குப் போவோம்'னு எழுந்துடுவாரு."

"என்கிட்ட ஏங்கா சொல்லலை?"

"நான் சொல்லலாம்னுதான் சொன்னேன். அவருதான், 'பாவம், மழையில அலைஞ்சு வாங்கிட்டு வந்தா. சரியில்லைன்னு சொன்னா அவ மனசு உடைஞ்சிடும். இவ்வளவு தூரம் போறதே பெருசு'ன்னு வாயைக் கட்டிட்டாரு."

நான் மெஷினைப் போட்டேன். அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. விமானம் ஓடுபாதையிலேயே நொண்டியது. மேகம் துண்டு துண்டாக வந்தது. சிறகு ஆடவில்லை, வெட்டி வெட்டி இழுத்தது. நான் கட்டிக்கொடுத்த மெஷின் இது இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. கேபினட்டைத் திருப்பினேன். மகள் பின்னால் குனிந்து போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.

பின்பக்கம் ஒரு பொட்டுத் தூசி இல்லை. நான் மழையில் நனைந்து வாங்கிவந்த கார்டின் துளைகள் எல்லாவற்றிலும் அந்தச் சின்ன ரப்பர் மூடிகள் அழகாக, வரிசையாகச் செருகியிருந்தன. மானிட்டர் கேபிள் மேலே, பிராசசர் உட்கார்ந்திருக்கிற மதர்போர்டில் இருந்த வேறு துளையில் மாட்டியிருந்தது. இரண்டு துளையும் ஒரே வடிவம்தான், கேபிள் இரண்டிலும் பொருந்தும். ஆனால் மேலே மாட்டினால் கார்டுக்கு வேலையே இல்லை. பிராசசரே ஓட்டுவதையும் ஓட்டி வரைவதையும் வரைந்து, திணறித் திணறிச் சாக வேண்டியதுதான். பயணத்துக்கு முந்தின நாள் எல்லா ஒயரையும் கழற்றித் துடைத்திருக்கிறார். தூசி போகக் கூடாது என்று மூடிகளை மாட்டியிருக்கிறார். மூடி இல்லாத துளை எதுவோ அதில் கேபிளைச் செருகியிருக்கிறார்.

ஒரு கேபிள். ஒரு நிமிஷ வேலை. ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா மனுஷா! நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா, உடைந்து போக? வாய்க்கு வந்தபடி இரண்டு திட்டு திட்டிவிட்டு வந்து மாட்டிக் கொடுத்திருப்பேனே! எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. எல்லோரையும் திட்டித் தீர்த்துவிடுகிற எனக்கு, இந்த ஒருவரைத் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது.

"சித்தி," என்று மகள் காதோரம் கிசுகிசுத்தாள், "இது தப்பான இடத்துலயா இருந்துச்சு? அவ்வளவுதானா?"

அவள் கையை அழுத்தினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஒரு மூடியைப் பிடுங்கிக் கேபிளைக் கார்டில் மாட்டினேன். திரும்பப் போட்டதும் விமானம் முதல் நாள் மாதிரியே வழுக்கிக்கொண்டு எழும்பியது. சிறகு மெல்ல ஆடியது.

அக்கா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள். "ஏண்டி, என்ன பண்ணினே? குலுக்கலே இல்லையே! முன்னாடியே இப்படிப் பண்ணியிருக்க முடியுமாடி? அவரு இருக்கறப்பவே?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் மூடியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"முடியாதுக்கா. புதுசா ஒரு பார்ட் வந்திருக்கு, இப்பத்தான் அதைப் போட்டேன். அப்ப அது கடைக்கே வரலை."

"ஆமாம்மா," என்றாள் மகள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எங்க ஊர்லயே இப்பத்தான் வந்திருக்கு."

"அதானே!" என்றாள் அக்கா. அவளுடைய தோள் இறங்கியது. "முடியும்னு இருந்தா நீ விட்டிருப்பியா? எனக்குத் தெரியாதா உன்னை?" பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டாள். "போகட்டும். கடைசிவரைக்கும் போய்ப் பாத்துடுவோம். நிறுத்தாதே."

நிறுத்தவில்லை. அன்று பகல் முழுவதும் நாங்கள் பறந்தோம். மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள், நான் கதவில் சாய்ந்து நின்றேன். அக்கா எப்போதும் போல இரண்டாவது நாற்காலியில். அவர் எழுந்துவிடுகிற நடுக்கடல் வந்தபோது மூன்று பேருமே மூச்சைப் பிடித்துக்கொண்டோம். படம் நிற்கவில்லை. கடல் தாண்டி, கரை வந்து, சாயங்கால வெயிலில் அந்த ஊர் சின்னதாகத் தெரிந்தது. "அதோ பாரும்மா, ஆத்துக்குப் பக்கத்துல, அதுதான் என் ஆஸ்பத்திரி!" என்று மகள் கத்தினாள். திரையில் வெயில் கூசியதால் அக்கா கழுத்தை நீட்டி, காலி நாற்காலிக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அங்கேருந்து என்ன தெரியப் போகுது? ஜன்னல் பக்கம் தள்ளி உக்காருக்கா" என்றேன்.

"வேணாண்டி" என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமல். "இந்த ஒரு தடவை ஜன்னல் அவருக்குன்னு சொல்லிட்டேன்."